களவு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்

ஒரு பையன் கையுறையைக் கழற்றினான். நடந்தது அவ்வளவுதான். ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். படுத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதே பக்கத்தை முதல் வரியிலிருந்து இன்னொரு தடவை படித்தேன்.

அந்தப் பையனுக்கு 17 வயது. திருடன், புரட்டன், கடன் வசூலுக்குப் போய் கை காலை உடைத்துவிட்டு வருகிறவன். எனக்கு வயது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த வயதில் ஒரு கதைப் பாத்திரத்திடம் இப்படிக் கவிழ்ந்துபோவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மாட்டிவிட்டது அக்கா மகள். "சித்தி, இதைப் படிங்க. முதல் அம்பது பக்கம் தலையும் புரியாது, வாலும் புரியாது, பொறுத்துக்கங்க. அப்புறம் நீங்களே என்கிட்ட வருவீங்க" என்று இரண்டு தடித்த புத்தகங்களைக் கையில் திணித்தாள். லீ பர்டூகோ எழுதிய 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்', 2015இல் வந்தது. அதன் தொடர்ச்சி 'க்ரூக்கட் கிங்டம்', அடுத்த வருடமே வந்தது. திண்ணென்று ஆயிரம் பக்கம்.

கொள்ளைக் கதை என்றாலே எனக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. அதில் வருகிறவர்கள் ஆட்களே அல்ல, ஒரு பெட்டிக்குள் அடுக்கிவைத்த சாமான்கள். பூட்டைத் திறக்க ஒருவன், சுவர் ஏற ஒருத்தி, வேஷம் போட ஒருத்தி, வெடி வைக்க ஒருவன். வேலை முடிந்ததும் பெட்டியை மூடிவிடலாம். சுத்தியலின் மேல் யாராவது காதல் கொள்வார்களா? அதனால் நான் திட்டத்துக்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். எப்படி உள்ளே போகிறார்கள், எப்படி வெளியே வருகிறார்கள், ஆசிரியர் எங்கே என் கண்ணில் மண்ணைத் தூவுகிறார். ஒரு காவல்காரன் மாதிரி உட்கார்ந்து படித்தேன்.

இனி கதையின் முடிச்சுகளையெல்லாம் அவிழ்க்கப் போகிறேன். படிக்காதவர்கள், படிக்க நினைப்பவர்கள், இங்கேயே திரும்பிப் போய்விடுவது நல்லது. ஒரு சாவையும் சொல்லப்போகிறேன்.

கெட்டர்டாம் என்று ஒரு துறைமுக நகரம். கால்வாய்களும் வணிகர் குழுவும் கப்பல்களுமாகப் பழைய டச்சு வணிக நகரங்களின் சாயலில் கட்டப்பட்டது. அங்கே வியாபாரமே தெய்வம், ஒப்பந்தமே வேதம். அந்த ஊரின் பணக்கார வணிகர் ஒருவர் காஸ் ப்ரெக்கரிடம், முதலில் சொன்ன அந்தக் கையுறைப் பையனிடம், ஒரு வேலை கொடுக்கிறார். வடக்கே பனிநாட்டில் இதுவரை யாரும் உடைத்து நுழையாத கோட்டைச் சிறைக்குள் புகுந்து ஒரு விஞ்ஞானியைத் தூக்கிவர வேண்டும். கூலி 3 கோடி க்ரூகே. காஸ் ஆள் சேர்க்கிறான், அவனோடு சேர்த்து ஆறு பேர். அவர்களில் யாருக்கும் 18 வயதைத் தாண்டவில்லை. (இது எனக்கு இன்றைக்கும் செரிக்கவில்லை. ஆளுக்குப் பத்து வயது கூட்டிக்கொண்டுதான் மனதுக்குள் படித்தேன். அக்கா மகளிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள்.)

படித்துக்கொண்டிருக்கும்போதே சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். கொலைக்களக் காதையில், கோவலனைப் பார்த்த காவலர்கள் இவன் முகத்தில் திருட்டுக்களையே இல்லையே என்று தயங்குவார்கள். உடனே பொற்கொல்லன் களவு நூலை எடுத்து விளக்குவான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணை எட்டு. இந்த ஆறு பேரையும் அந்த எட்டில் வைத்துப் பாருங்கள். இதயத் துடிப்பையே கையசைவில் நிறுத்தக்கூடிய நீனா, மந்திரம். தன் கத்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயர் வைத்திருக்கும் இனேஜ், தெய்வம். மந்திரக்காரர்களின் சக்தியைக் கட்டுமீறிப் பெருக்கி, ஒரே தடவையில் அடிமையாக்கிவிடுகிற பொடி ஒன்று வருகிறது, அது மருந்து. அந்தப் பனிக்கோட்டையின் உள்ளும் புறமும் அறிந்த, அங்கேயே வளர்ந்த போர்வீரன் மத்தியாஸ், இடம். கோட்டையில் திருவிழா நடக்கும் இரவு, காலம். வைலனின் வெடிகள் கருவி, காஸ் தந்திரம். நிமித்தத்துக்குத்தான் ஆள் தேட வேண்டும். அதற்கு அவர்கள் கும்பலின் சின்னமான காகமே போதும் என்று விட்டுவிட்டேன். குறிபார்த்துச் சுடுகிற ஜெஸ்பருக்கு எட்டில் இடமே கிடைக்கவில்லை, பாவம். இளங்கோவடிகள் காலத்தில் துப்பாக்கி இல்லை.

பொற்கொல்லனின் அந்தப் பட்டியல்தான் என் இளக்காரமும். எட்டுத் துணையையும் ஒப்பித்துவிட்டால் கள்வனைத் தெரிந்துகொண்டதாக அவன் நம்பவைக்கிறான். இத்தனைக்கும் சிலம்பைத் திருடியவனே அவன்தான். எதிரே நிற்கிற ஆளை அந்தப் பட்டியல் பார்க்கவே இல்லை. நானும் முதல் இருநூறு பக்கம் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கொள்ளைக் கதை நம் கண்ணை என்ன செய்கிறது என்று யோசித்தால் ஒன்று பிடிபடுகிறது. அது நம்மைக் கைகளைப் பார்க்க வைக்கிறது. 1955இல் வந்த ரிஃபிஃபி என்ற பிரெஞ்சுப் படத்தில் கொள்ளை நடக்கும் ஏறக்குறைய அரை மணி நேரமும் பேச்சு கிடையாது, இசை கிடையாது. மேல்மாடித் தரையில் சின்னதாக ஓட்டை போடுவார்கள். காரை பெயர்ந்து கீழே விழுந்து சத்தம் கேட்கக் கூடாதே? ஓட்டை வழியாக ஒரு குடையைக் கீழே விட்டு விரித்து, விழுகிற துண்டையெல்லாம் அதில் ஏந்துவார்கள். அந்தத் திருடர்களின் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. குடையைப் பிடித்த விதம் மறக்கவில்லை.

புத்தகத்திலும் அதுதான். இதில் ஏதோ சூது இருக்கிறது, எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகத்தோடு ஒவ்வொரு அசைவையும் கவனிக்கிறோம். யார் எதைத் தொட்டார்கள், யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவினார்கள், யார் கண் எங்கே போனது. திருடனைப் பிடிக்க நினைக்கிறவனும் காதலிப்பவனும் ஆளைப் பார்க்கிற விதம் ஒன்றுதான். இரண்டு பேரும் எதையும் தவறவிடுவதில்லை. காவலுக்கென்று உட்கார்ந்த நான் எந்த இடத்தில் கட்சி மாறினேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

நம் இலக்கணத்தில் களவு என்றாலே திருட்டு மட்டுமில்லை, ஊரறியாத காதலும்தான். தொல்காப்பியத்தில் அதற்குத் தனி இயலே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அகப்பாடல் படித்தபோது பொழிப்புரையைக் கடமைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போது திரும்பிப் பார்த்தால் அத்தனையும் கொள்ளைத் திட்டம். பகற்குறி, இரவுக்குறி என்று இடமும் நேரமும் குறிக்கிறார்கள். தாய் தூங்கவில்லை, நாய் குரைக்கிறது, ஊர்க்காவலர் சுற்றுகிறார்கள், நிலா வேறு பட்டப்பகல் மாதிரி காய்கிறது. உள்தகவல் கொடுக்கத் தோழி. திட்டம் சொதப்புவதற்குக்கூடப் பெயர் வைத்திருக்கிறார்கள். மரத்திலிருந்து ஏதோ உதிர்ந்த சத்தத்தை அவன் கொடுத்த சைகை என்று நினைத்து அவள் வந்து ஏமாந்து திரும்பினால், அது அல்லகுறிப்படுதல். இதைவிட நல்ல துறைப்பெயர் எந்தக் கொள்ளைக் கதை எழுத்தாளருக்கும் கிடைக்காது.

சரி, காஸுக்கு வருவோம்.

அவன் எப்போதும் கறுப்புத் தோல் கையுறை போட்டிருப்பான். ஏன் என்று ஊருக்குள் ஆளுக்கொரு கதை. உள்ளே ரத்தக்கறை என்பார்கள், மிருக நகங்கள் என்பார்கள். அவனும் எதையும் மறுப்பதில்லை, பயம் தொழிலுக்கு நல்லதுதானே. உண்மை வேறு. கொள்ளைநோயில் அண்ணன் ஜோர்டி செத்துப்போக, இவனும் செத்துவிட்டதாக நினைத்துப் பிணங்களோடு படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறார்கள். அப்போது சின்னப் பையன். நினைவு திரும்பியதும் அண்ணனின் உடலையே மிதவையாகப் பிடித்துக்கொண்டு கரை சேர்கிறான். அதற்குப் பிறகு இன்னொரு மனிதத் தோல் பட்டால் அவனுக்குக் கடல்நீர் தலைக்குமேல் ஏறிவிடும், மூச்சு முட்டும்.

அவனுக்கு ஒரு கால் ஊனம். ஒரு திருட்டில் கூரையிலிருந்து விழுந்து முறிந்து, சரியாகக் கூடாமல் போனது. காகத் தலை செதுக்கிய கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறான். பர்டூகோவுக்கு எலும்புத் திசு மடிந்துபோகும் ஆஸ்டியோநெக்ரோசிஸ் என்ற நோய் உண்டு, சில சமயம் அவரும் கைத்தடியோடுதான் நடக்கிறார். அதை நான் இரண்டாவது முறை படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் சில வரிகள் வேறு மாதிரி கேட்டன. நெடுநேரம் நின்ற பிறகு எந்தப் படியில் முதல் காலை வைப்பது என்று அவன் போடுகிற கணக்கு, மேஜையில் உட்கார்ந்து கற்பனை செய்தது அல்ல.

இனேஜ் கயிற்றில் நடக்கும் கூத்தாடிக் குடும்பத்துப் பெண். அடிமை வியாபாரிகள் பிடித்துக்கொண்டுபோய் ஒரு விலைமாதர் விடுதியில் விற்றுவிட்டார்கள். அங்கிருந்து அவள் ஒப்பந்தத்தை வாங்க வைத்து மீட்டவன் காஸ். அவளுக்கும் ஒருவர் தொட்டால் தாங்காது, காரணம் முற்றிலும் வேறு. பனிக்கோட்டைச் சிறைக்குள் நுழைய அவள்தான் எரிகுழியின் புகைபோக்கி வழியாக மேலே ஏற வேண்டும். அணைந்திருக்கும் என்று நினைத்த அடுப்பு சூடாக இருக்கிறது. செருப்பின் ரப்பர் அடி உருகிச் சுவரில் ஒட்டுகிறது. பாதம் வெந்துகொண்டிருக்கும்போது, இதற்கெல்லாம் நான் ஏன் உயிரோடு இருக்கவேண்டும் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். பதில் காஸ் இல்லை. ஒரு கப்பல் வாங்கி, அடிமை வியாபாரிகளை வேட்டையாட வேண்டும். அந்தக் குழாய்க்குள் இந்த ஆசை அவளுக்குப் பிறந்த நிமிடத்தில்தான் அவள் 'சுவர் ஏறுகிறவள்' என்ற பட்டியலிலிருந்து எனக்கு வெளியே வந்தாள்.

இப்போது அந்தக் கையுறை. இரண்டாவது புத்தகத்தில் ஓர் ஓட்டல் குளியலறை. இனேஜுக்குக் காயம், கட்டு மாற்ற வேண்டும். செய்யத் தெரிந்தவர்கள் வேறு ஆட்களும் இருக்கிறார்கள், ஆனால் காஸ் வந்து நிற்கிறான். கையுறையைக் கழற்றுகிறான். மூன்று நாலு பக்கத்துக்கு நடப்பது எல்லாம் பழைய துணியை அவிழ்ப்பதும் புதுத் துணியைச் சுற்றுவதும். ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் எதையாவது பிடித்துக்கொண்டு கரையில் நிற்கப் பார்க்கிறான், அடிக்கடி தண்ணீர் ஏறுகிறது. அவளும் அசையாமல் தன்னோடு போராடிக்கொண்டிருக்கிறாள். ஒரு கட்டத்தில் அவன் குனிகிறான், அவள் கழுத்தருகே உதடு பட்டும் படாமலும். அதற்குமேல் முடியவில்லை, விலகிவிடுகிறான். அவ்வளவுதான்.

ஆயிரம் பக்கத்தில் இவர்கள் இரண்டு பேரும் ஒரு முத்தம்கூடக் கொடுத்துக்கொள்வதில்லை. உலகத்தில் எந்தப் பூட்டையும் திறக்கிற விரல்கள் ஒரு துணிக்கட்டின் முன்னால் நடுங்குவதைப் பார்ப்பதற்கு, அதுவரை அந்த விரல்களை வேலை செய்யும்போது பார்த்திருக்க வேண்டும். எட்டு நூறு பக்கத்துத் திருட்டும் இந்த நாலு பக்கத்துக்கான பயிற்சி என்று அன்று ராத்திரி தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

இன்னொரு இடம். ஜெஸ்பர் சூதாட்டப் பைத்தியம். மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான் என்று நம்பி, நிலத்தை அடகு வைத்துப் பணம் அனுப்பிய விவசாயி அவன் அப்பா. அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பெரிய வேலை ஒன்று வருகிறது என்று பீற்றிக்கொண்டதால்தான் புறப்பட்ட அன்றே துறைமுகத்தில் எதிரிகள் காத்திருந்தார்கள், இனேஜ் கத்திக்குத்து வாங்கினாள். காஸ் அதை மன்னிக்கவே இல்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் கைகலப்பு. அடிதடியின் நடுவில், கோபத்தின் உச்சியில், காஸ் அவனை ஜோர்டி என்று கூப்பிட்டுவிடுகிறான்.

செத்துப்போன அண்ணனின் பெயர். யார் அது என்று ஜெஸ்பருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன்னாலேயே எதிரியின் அடுத்த நகர்வைக் கணக்குப் போட்டு வைக்கிற ஆள், ஒரு பெயரைத் தவறவிட்டுவிட்டான். இந்தக் கும்பலில் எல்லாமே திட்டப்படிதான் நடக்கும், அன்பு மட்டும்தான் வாய் தவறி வரும். காக்கை கரக்காது, கூவி அழைத்துத்தான் உண்ணும் என்கிறது குறள். இந்தக் காக்கை எல்லாவற்றையும் கரந்து வைக்கிற காக்கை, அதனால் அதன் வாயிலிருந்து ஒன்று சிந்தினால் நாம் ஓடிப்போய்ப் பொறுக்குகிறோம்.

காகம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். காஸின் மாடி அறை ஜன்னலில் உட்கார்ந்து இனேஜ் காகங்களுக்குத் தீனி போடுவாள். காகங்கள் மனித முகத்தை நினைவில் வைத்திருக்கும், நல்லது செய்தவரையும் கெடுதல் செய்தவரையும் மறக்காது என்று அவன் அவளிடம் சொல்வான். கதைக்காகச் சொன்னது என்றுதான் நினைத்தேன். நிஜம்தான். 2006இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு குகைமனித முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காகங்களைப் பிடித்து, அடையாளம் கட்டி விட்டார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்காக அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து திட்டித் தீர்த்தன. அன்று பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன.

எழுத்து நுட்பத்தில் என்னை அதிகம் அசத்தியது வைலன். அத்தியாயத்துக்கு ஒருவர் கண் வழியாகக் கதை போகிறது, ஆனால் முதல் புத்தகத்தில் வைலனுக்கு மட்டும் அத்தியாயம் கிடையாது. புதுப் பையன், அவ்வளவு முக்கியமில்லை போலிருக்கிறது என்று நான் அலட்சியமாகத் தாண்டினேன். கடைசியில்தான் தெரிகிறது, அவனுக்கு எழுதப் படிக்க வராது. எழுத்துகள் கண் முன்னால் கலைந்து ஓடும். அதற்காகவே அப்பா அவனைப் பிள்ளையாகவே மதிக்காமல் தள்ளிவைத்திருக்கிறார். அவன் மண்டைக்குள் நம்மை ஒரு பக்கம் விட்டிருந்தாலும் அந்த ரகசியம் அங்கேயே உடைந்திருக்கும். இரண்டாவது புத்தகத்தில் அவன் அத்தியாயம் வரும்போது, அப்பாவைப்போலவே நானும் இவனைப் பொருட்படுத்தவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. இவர்கள் எல்லோரையும்விட இந்தப் பையனிடம்தான் எனக்குப் பாசம் அதிகம், காதல் வேறு, பாசம் வேறு.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கத்தி கழுத்துக்கு வரும்போதெல்லாம் ஆசிரியர் ஒரு சிறுவயதுக் கதையைத் திறந்துவிடுவார், நாலாவது தடவை எனக்கு எரிச்சல் வந்தது. விஞ்ஞானிக்குப் பதிலாக மீட்டுக்கொண்டு வரும் அவருடைய மகன் குவேய்க்கு மற்றவர்களுக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசிகூட இல்லை. 2021இல் வந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரில் நடிகர்கள் நன்றாகவே செய்திருந்தார்கள், ஆனால் இவர்களை வேறொரு கதைக்குள் விருந்தாளியாக உட்கார வைத்திருந்தார்கள். பனிக்கோட்டைக்குள் போவதற்குள்ளேயே, 2023இல், இரண்டாவது பருவத்தோடு தொடர் நின்றும் போனது.

இந்த வகையில் வேறு எதுவும் என்னை இப்படிச் செய்ததா என்று பார்க்க இன்னும் இரண்டு படித்தேன். இரண்டுமே 2006இல் வந்தவை. ஸ்காட் லிஞ்சின் 'தி லைஸ் ஆஃப் லாக் லமோரா' நன்றாகச் சிரிக்க வைத்தது, அந்தக் கும்பலோடு ஒரு மாலை உட்கார்ந்து சாப்பிடலாம் போலிருந்தது. பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' வரிசையைத் தொடங்கும் நாவலில் வின் என்று ஒரு தெருப்பெண். எல்லோரும் உனக்குத் துரோகம் செய்வார்கள் என்று அண்ணனின் குரல் அவள் தலைக்குள் ஓதிக்கொண்டே இருக்கும். கொள்ளைக்கும்பல் சும்மா சமையலறையில் உட்கார்ந்து அரட்டை அடிக்கும்போது அவள் ஓரமாக நின்று, இவர்கள் ஏன் ஒருவரையொருவர் சந்தேகிக்கவில்லை என்று குழம்புவாள். அந்தக் குழப்பம் பிடித்திருந்தது. ஆனால் ராத்திரி யாரும் என்னை எழுப்பவில்லை.

மத்தியாஸைப் பற்றி எழுத மனசில்லை, எழுதாமலும் முடியாது. நீனாவின் இனத்தை வேட்டையாடவே வளர்க்கப்பட்டவன், அவளையே காதலித்து, தனக்கு ஊட்டப்பட்ட வெறுப்பை ஒவ்வொரு இழையாக உருவி எடுக்கிறவன். எல்லாத் திட்டமும் பலித்து, எல்லோரும் தப்பித்துவிட்டார்கள் என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், அவனுடைய பழைய படையைச் சேர்ந்த ஒரு சின்னப் பையன் எதிரே துப்பாக்கியோடு நிற்கிறான். தன்னைப்போலவே வளர்க்கப்பட்டவன். மத்தியாஸ் அவனிடம் பேசிப் பார்க்கிறான், பையன் சுட்டுவிடுகிறான். அந்தக் குண்டு யாருடைய திட்டத்திலும் இல்லை. நான் புத்தகத்தை மூடி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். ஒரு வாரம் தொடவில்லை. அக்கா மகளுக்கு மட்டும் "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று அனுப்பினேன். "சொல்லியிருந்தா அவன்கிட்ட பழகியே இருக்க மாட்டீங்க சித்தி" என்று பதில் வந்தது. வாஸ்தவம். நான் அப்படிப்பட்டவள்தான்.

வாரம் கழித்து எடுத்து, மிச்சமிருந்த பக்கங்களை நின்றுகொண்டே படித்தேன். துறைமுகம். காஸ் இனேஜைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கப்பலைக் காட்டுகிறான், அவளுடையது. காதல் என்று ஒரு சொல் இல்லை, ஏதோ கணக்கைத் தீர்க்கிற மாதிரி பேசுகிறான். அவள் கையைப் பிடித்துக்கொள்கிறான், கையுறை இல்லாமல். பிறகு தூரத்தில் இறங்கி வருகிற இரண்டு பேரைப் பார்க்கச் சொல்கிறான். அவளுடைய அம்மாவும் அப்பாவும். எங்கெங்கோ ஆள் விட்டுத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான், மூச்சு விடவில்லை. அவள் அழுதுகொண்டே ஓடப் பார்க்கும்போது, இந்த ஊரையே நடுங்க வைக்கிற தாதா அவளைப் பார்த்து, தன் டை நேராக இருக்கிறதா என்று கேட்கிறான்.

"டை நேரா இருக்கான்னு கேக்கறான்டி" என்று அக்கா மகளுக்குச் செய்தி அனுப்பினேன். நடுராத்திரி. உடனே பார்த்துவிட்டாள்.

"அது நாப்பத்தஞ்சாவது அத்தியாயமோ என்னவோ, நான் படிச்சு மூணு வருஷமாச்சு சித்தி" என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "நேராதான் இருந்துச்சு."